பேஸ் கிட்டாரின் இரைச்சலும் பிரிட்ஜுக்கு அடியில் அறுந்த ஒயரும்

மேலூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரும் தலைக்கு மேல் சீரியல் செட்டுமாக இருக்கும் இடங்களில், என்னுடைய 'ஜாஸ் பேஸ்' ரக கிட்டார், பாட்டு நின்ற பிறகும் வண்டு போல ரீங்காரமிடும். ரேடியோ செட்காரர் ஒவ்வொரு முறையும், "அண்ணே, உங்க கிட்டார்தான்" என்பார். நான் அவருடைய ஒயரைக் குறை சொல்லுவேன்.

அவர் சொன்னதே சரி என்பது வீட்டில் ஒரு நாள் தற்செயலாகத் தெரிந்தது. சுற்றிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை நம் உடம்பே ஆன்டெனாவைப் போல வாங்கி கிட்டாருக்குள் தள்ளுகிறது. எர்த் ஆன கிட்டார் கம்பியில் விரல் பட்டதும் அது அடங்க வேண்டும். எனக்கோ கம்பியைத் தொட்டால் ஒரு மாற்றமும் இல்லை, வால்யூம் குமிழ்கள் இருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டால் மட்டும் அடங்கியது. கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்தேன். அதனடியில் வர வேண்டிய எர்த் ஒயர், மரத்துளையின் விளிம்பிலேயே அறுந்து, பச்சை பூத்துக் கிடந்தது.

அதைச் சரிசெய்த கையோடு கிட்டாருக்குள் ஒயர்கள் இருக்கும் உட்குழி முழுவதும், இரைச்சலைத் தடுக்க, செப்புப் பட்டையும் ஒட்டினேன். நான் வாங்கிய பட்டையின் பசை மின்சாரத்தைக் கடத்தாத வகை என்பது, மல்டிமீட்டரின் முனைகளை அடுத்தடுத்த துண்டுகளில் வைத்தபோது அது 'பீப்' என்று ஒலிக்காமல் ஊமையாக இருந்ததில்தான் புரிந்தது. ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு சொட்டு ஈயம் வைக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. எல்லாவற்றையும் மூடித் திருகிய பிறகு சத்தமே வரவில்லை: ஒயரைச் செருகும் ஜாக்கின் சிக்னல் முனை செம்பில் இடித்துக்கொண்டிருந்தது! அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டியதும் சரியாயிற்று.

டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் காந்தப்புல ஹம்மை (ரீங்காரத்தை) இந்த மெல்லிய செம்பு தடுக்காது. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சுருள்களான இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருந்தால், இரண்டின் வால்யூமையும் சமமாக வைக்கும்போது அது பெருமளவு கழிந்துவிடும். ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும்.

ஹம்மை நிறுத்த ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னையே பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு மேடையில், கம்பியில் கை இருக்க மைக்கில் உதடு பட்டு நான் வாங்கிய ஷாக் சாதாரணமானது அல்ல. அன்றுமுதல் டெஸ்டரை மைக்கின் வலையிலும் கிட்டார் கம்பியிலும் வைத்து, விளக்கு எரியவில்லை என்று உறுதிசெய்த பிறகே வாசிக்க உட்காருகிறேன்.