அமிலப் பெப்டைடு: யூரோப்பியம் சேர்த்தும் ஈடிடியில் வரிசை கிடைக்கவில்லை, உதவுங்கள்

கேள்வி: ஆய்வு மாணவி
வணக்கம். என் பெப்டைடு அலா-குளூ-குளூ-கிளை-ஆஸ்ப்-குளூ-வால்-லியூ. புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும் கார அமினோ அமிலங்களான லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் எதுவும் இல்லை. எலெக்ட்ரோஸ்பிரே மாஸ் ஸ்பெக்கில் 861.4-இல் (நிறை/மின்சுமை விகிதம்) ஒற்றை மின்சுமை அயனி மட்டும்தான் வருகிறது. சிஐடி (வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கும் முறை) செய்தால் தண்ணீர் இழந்த பீக்குகளே அதிகம். ஈடிடிக்கு (எலெக்ட்ரானைக் கொடுத்துப் பெப்டைடை உடைக்கும் முறை) குறைந்தது இரட்டை மின்சுமை வேண்டும் என்பதால் லேபில் இருந்த யூரோப்பியம் நைட்ரேட்டைச் சேர்த்தேன். கரைசல் லேசாகக் கலங்கியது. 505.1, 506.1 இரண்டிலும் பலவீனமான பீக்குகள், பின்னது சற்று உயரம். அவற்றை ஈடிடிக்கு அனுப்பினால் 1010, 1012 அருகே பெரிய பீக்குகள் வருகின்றன. வரிசையைப் படிக்க உதவும் சி, இசட் அயனிகள் (ஈடிடியில் முதுகெலும்பு உடைந்து வரும் துண்டுகள்) அரிதாகவே தெரிகின்றன. எங்கே சிக்கல்?

பதில் 1: மாஸ் ஸ்பெக் பொறுப்பாளர்
உலோகம் பிடித்திருக்கிறது, அது நல்ல செய்தி. 505.1, 506.1 இரண்டும் ஒரே அயனிதான். யூரோப்பியத்துக்கு 151, 153 என்று ஏறக்குறைய சம அளவில் இரண்டு ஐசோடோப்புகள் இருப்பதால் சிக்னல் பாதியாகப் பிரிகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, வரும் எலெக்ட்ரானை யூரோப்பியமே வாங்கிக்கொள்வது. மூன்று மின்சுமையிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் அதன் 4எஃப் கூடு சரிபாதி நிரம்பிவிடும், அதனால் அவ்வளவு ஆசை. பெப்டைடின் முதுகெலும்பு உடையாமல் மின்சுமை மட்டும் குறைந்த அயனிதான் நீங்கள் 1010-இல் பார்ப்பது.

பிரசியோடைமியம் நைட்ரேட்டுக்கு மாறுங்கள். இயற்கையில் அதற்கு 141 என்ற ஒரே ஐசோடோப்புதான். அலபாமா பல்கலைக்கழகத்தில் கரோலின் கேசடியின் குழு லாந்தனைடுகளை (யூரோப்பியம், பிரசியோடைமியம் அடங்கிய உலோக வரிசை) ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைத்ததும் இதைத்தான். 333.76-இல் மும்மின்சுமை அயனியைத் தேடுங்கள். அது பலவீனமாக இருந்தால் ஒரு புரோட்டானை இழந்த 500.14-ஐ எடுக்கலாம்.

பதில் 2: பெப்டைடு வேதியியலர்
கரைசல் கலங்கியதை விட்டுவிடாதீர்கள். பஃபர் என்ன? பாஸ்பேட் என்றால் லாந்தனைடு பாஸ்பேட் வீழ்படிவாகிவிடும். உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தாலும் உலோகம் பெப்டைடுக்கு மிஞ்சாது.

ஆய்வு மாணவி
மாதிரி பாஸ்பேட் பஃபரில்தான் வந்தது சார். சி18 டிப்பில் (பெப்டைடைப் பிடித்து உப்பைக் கழுவும் பிப்பெட் முனை) கழுவலாமா? இவ்வளவு அமிலப் பெப்டைடு அதில் ஒட்டுமா?

பதில் 2: பெப்டைடு வேதியியலர்
நடுநிலை பிஹெச்சில் ஒட்டுவது கடினம். ஃபார்மிக் அமிலத்தில் ஏற்றினால் கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டான் ஏற்று மின்சுமை இழக்கும், பெப்டைடு பிடிக்கும். பாதி அசிட்டோநைட்ரைலில் இறக்கி, உலர்த்தி, அமிலம் சேர்க்காத நீர்-அசிட்டோநைட்ரைலில் கரையுங்கள். உலோகத்தை அதன் பிறகு சேருங்கள். டிஎஃப்ஏ (டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) வேண்டாம், அது சிக்னலை அமுக்கும்.

ஆய்வு மாணவி
கழுவிய மாதிரியில் பிரசியோடைமியம் சேர்த்தேன், கலங்கவே இல்லை. 333.76 தெளிவாக வந்தது. ஈடிடியில் சி, இசட் வரிசை குளூ-குளூ இடத்திலும் உடைந்து தெரிகிறது! ஆனால் மென்பொருள் பாதி பீக்குகளை அடையாளம் காணவில்லை.

பதில் 1: மாஸ் ஸ்பெக் பொறுப்பாளர்
அருமை! மூன்று புரோட்டான்களுக்குப் பதில் ஒரு பிரசியோடைமியம் என்றால் கூடுதல் நிறை 137.884. அதை ஆஸ்ப், குளூ, சி-முனை மூன்றிலும் மாறும் மாற்றமாகக் கொடுத்துத் தேடுங்கள். உலோகம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் ஒரே துண்டு உலோகத்தோடும் இல்லாமலும் வரலாம், இரண்டையும் பாருங்கள்.

கருவி பொதுவானது என்றால் இதற்கென்று தனி சிரிஞ்சும் கேப்பிலரியும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் லாந்தனைடு எச்சம் இருந்தால் அடுத்து வருபவரின் பாஸ்போபெப்டைடு (பாஸ்பேட் தொகுதி உள்ள பெப்டைடு) அதில் ஒட்டிக்கொள்ளும்.