குடும்பக் குழு: திங்கட்கிழமைக்குள் பயிற்சியாளருக்குப் பதில் சொல்ல வேண்டும்

அம்மா: எல்லோரும் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சின்னவனின் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் நேற்று எங்கள் இருவரையும் அழைத்துப் பேசினார். வரும் பருவத்தில் அவனுக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் இல்லையாம். எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும், எதிரணி உதைத்தனுப்பும் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவனாகவும், ஆள் குறைந்தால் தடுப்பில் எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக்காகவும் ஆடுவானா என்று கேட்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இவன் நேற்றிரவிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியம்மா: அப்படியென்றால் இருந்த இடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

சின்ன மாமா: எனக்கும் அப்படித்தான் படுகிறது, அக்கா.

பெரிய மாமா: நான் அப்படிப் பார்க்கவில்லை. நம் ஊர் அணியான பேட்ரியட்ஸில் இதே நிலையில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஜூலியன் எடல்மன் கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 2008 பருவத்தில் எறிந்து 1,820 யார்டு, தானே ஓடி 1,370 யார்டு எடுத்தார். அப்படியிருந்தும், கல்லூரி வீரர்களைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் ஒன்றாகச் சோதித்துப் பார்க்கும் முகாமுக்கு அவரை அழைக்கவே இல்லை, ஏனென்றால் அவருடைய குறைவான உயரத்துக்குக் குவார்ட்டர்பேக் இடத்தில் எந்த அணியும் அவரை எண்ணிப் பார்க்கவில்லை. 2009 டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 232ஆம் ஆளாக, பேட்ரியட்ஸ் அவரை எடுத்தது.

தாத்தா: டிராஃப்ட் என்பது என்ன ஏற்பாடு என்று எனக்கும் விளங்கும்படி எழுது.

பெரிய மாமா: கல்லூரியில் ஆடி முடித்தவர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் அது, அப்பா. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்றுகள். அந்த ஆண்டில் 256 பேரை எடுத்தார்கள்.

பெரியம்மா: 256இல் 232 என்றால் கிட்டத்தட்டக் கடைசி.

பெரிய மாமா: ஆம், அக்கா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. பருவம் தொடங்கும்போது ஓர் அணியில் 53 பேருக்குத்தான் இடம். முதல் சுற்றில் எடுத்தவன் ஒரே வேலையைச் செய்தாலும் இடம் உறுதி. ஏழாவது சுற்றில் வந்தவன் அந்த 53 பேருக்குள் நிற்க வேண்டுமென்றால், அவன் ஒருவனே இரண்டு மூன்று பேரின் வேலையைத் தாங்க வேண்டும். பேட்ரியட்ஸ் அதே டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் பிராண்டன் டேட் என்ற ரிசீவரை எடுத்திருந்தது. எடல்மனுக்குப் பந்து பிடித்துப் பழக்கமே இல்லை. அவர் அந்தக் கோடையில் எதிரணி உதைத்த பந்தை வாங்கி ஓடும் பன்ட் ரிட்டர்னும் கற்றுக்கொண்டு, ஈகிள்ஸுடன் நடந்த பயிற்சிப் போட்டியில் 75 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுன் எடுத்துத் தன் இடத்தைப் பிடித்தார். டேட் 2011இல் அணியைவிட்டுப் போய்விட்டார், இவர் இருந்தார்.

அத்தை: அதன்பின் எல்லாம் நன்றாகப் போனதா, அதையும் சொல்லுங்கள்.

பெரிய மாமா: உடனே இல்லை. முதல் ஆண்டில் 37 முறை பந்து பிடித்தார். அடுத்த ஆண்டு 7, அதற்கடுத்த ஆண்டு 4, பிறகு 21. அந்த இடத்தில் வெஸ் வெல்கர் என்ற ரிசீவர் அசைக்க முடியாதவராக இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளும் எடல்மனை அணியில் வைத்திருந்தது பன்ட் ரிட்டர்ன். 2011இல் தடுப்பில் ஆள் குறைந்தபோது பயிற்சியாளர் பெலிசிக் அவரைக் கார்னர்பேக் பக்கம் நிறுத்தினார், லீக்கின் ஒரு பாதியான ஏஎஃப்சியில் ரேவன்ஸுடன் நடந்த இறுதிப் போட்டியில்கூட அவர் தடுப்பில் ஆடினார். 2013இல் வெல்கர் டென்வருக்குப் போனார், எடல்மன் அந்த ஒரே பருவத்தில் 105 முறை பிடித்தார்.

சின்ன மாமா: அண்ணா, ஒருவர் ஜெயித்ததை மட்டும் எடுத்துச் சொல்கிறீர்கள். அதே ஏழாவது சுற்றில் வந்த மற்றவர்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது இப்படித்தான் சொன்னீர்கள். இயற்பியலை விடு, வணிகவியல் எடு, எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்றீர்கள்.

பெரிய மாமா: அதை இங்கே பேச வேண்டாம், தம்பி.

பெரியம்மா: வேறு எங்கேதான் பேசுவது? இருபது வருடமாக இதே பதில்தான் வருகிறது.

அம்மா: தயவுசெய்து சின்னவன் விஷயத்துக்கு வாருங்கள்.

அப்பா: மச்சான், எனக்கு இருக்கும் கவலை வேறு. உதைத்த பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவன்மீது எதிரணி முழு வேகத்தில் வந்து மோதுகிறது. எடல்மனும் 2017இல் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. நமக்குப் படிப்பு முக்கியம்.

பெரிய மாமா: நியாயமான கேள்வி, மாப்பிள்ளை. கையை உயர்த்தி ஆட்டினால் மோதக் கூடாது என்ற விதி இருக்கிறது, ஆனால் அதை எப்போது கேட்பது என்பதைப் பழக வேண்டும். அதை யார் சொல்லித்தருவார், எத்தனை நாள் பயிற்சி என்று பயிற்சியாளரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அத்தை: நடுவில் ஒன்று. தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பெரியம்மா: நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேனே.

தாத்தா: அது இருக்கட்டும். குழந்தை என்ன நினைக்கிறான்? எல்லோரும் பேசுகிறோம், அவன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நான்: தாத்தா, நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு ஓடுவதும் பிடிப்பதும் பிடிக்கும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து எறிந்து பழகியிருக்கிறேன். அது எல்லாம் இனி எதற்கும் உதவாதா என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

பெரிய மாமா: உதவும், கண்ணா. 2015 ஜனவரியில் ரேவன்ஸுடன் நடந்த, தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் போட்டியை நேரம் கிடைக்கும்போது பார். நம் அணி 28–14 என்று பின்தங்கி, பிறகு 28–21 வரை வந்திருந்தது. நம் குவார்ட்டர்பேக் பிரேடி பந்தைச் சற்றுப் பின்னோக்கி எடல்மனிடம் எறிகிறார். பின்னோக்கி எறிந்ததால் அவரும் ஒருமுறை முன்னோக்கி எறியலாம். அவர் ஓடப்போகிறார் என்று நம்பித் தடுப்பாளர் பாய்ந்து முன்னே வருகிறார். எடல்மன் நின்று, தோளைத் திருப்பி, இன்னொரு ரிசீவரான அமெண்டோலாவுக்கு நீளமாக எறிகிறார். 51 யார்டு, டச்டவுன், 28–28. என்எஃப்எல்லில் அவர் எறிந்த முதல் பந்து அதுதான். கல்லூரியில் பழகிய கை ஆறாவது பருவத்தில் வேலைக்கு வந்தது. அந்த ஆட்டத்தை 35–31 என்று வென்று, பிறகு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார்கள்.

சின்ன மாமா: அந்தப் போட்டியை நானும் பார்த்தேன். அதை நான் மறுக்கவில்லை. அட்லாண்டாவுடன் 28–3 என்று தோற்றுக்கொண்டிருந்த சூப்பர் பவுலில், மூன்று பேர் நடுவே தட்டுப்பட்டுச் சிதறிய பந்தைத் தரையில் படாமல் விரல்களால் அள்ளியவரும் அவர்தான்.

பெரிய மாமா: 2019இல் ராம்ஸுடன் 10 பந்து பிடித்து 141 யார்டு எடுத்து சூப்பர் பவுலின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ஏழாவது சுற்றுக்காரர்.

சின்ன மாமா: ஆனாலும் முடிவை அவன்தான் எடுக்க வேண்டும், அண்ணா. நாம் தள்ளக் கூடாது.

தாத்தா: என் சின்ன மகன் சொல்வது சரி. நானும் அந்தக் காலத்தில் கொஞ்சம் விட்டுப்பிடித்திருக்கலாம்.

பெரியம்மா: அப்பா, இதை நீங்கள் தம்பியிடம் நேரில் சொல்லுங்கள்.

நான்: மாமா, பயிற்சியின்போது வாரம் ஒருநாளாவது எறிய விடுவாரா என்று பயிற்சியாளரிடம் நானே கேட்கலாமா?

பெரிய மாமா: தாராளமாகக் கேள். இரண்டாவது மாற்றுக் குவார்ட்டர்பேக்காக உன் பெயரையும் வைத்துக்கொள்ளச் சொல்.

அப்பா: கார்னர்பேக் வேலைக்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ரிசீவர் மட்டும் என்றால் யோசிக்கலாம்.

அம்மா: பன்ட் ரிட்டர்ன்?

அப்பா: அதைப் பயிற்சியாளரிடம் பேசிய பிறகு சொல்கிறேன். ஞாயிறு மாலை அழைக்கிறேன். மச்சான், நீங்களும் இணைப்பில் இருந்தால் நல்லது.

பெரிய மாமா: ஐந்து மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்.

அத்தை: சாப்பாட்டு விஷயத்தையும் அன்றே பேசிவிடலாம்.

அம்மா: சின்னவன் இப்போதுதான் இரண்டு தோசை கேட்டான். ஞாயிறு பேசிவிட்டு எழுதுகிறேன்.