தென்கியும் தென்கியும்: எளிய செய்தி வழியாக ஜப்பானிய மொழி படித்த அனுபவங்கள்

பாம்பனிலிருந்து:

முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போவது என்று 2019இல் வீட்டில் முடிவானது. அப்போது எனக்கு அந்த மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வகைகளையும் எழுதப் பழகினேன். ஊர் திரும்பிய மூன்றே வாரத்தில் பாதி மறந்துவிட்டது. பாம்பனில் ஜப்பானிய எழுத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்த நேரத்தில்தான் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் 'நியூஸ் வெப் ஈஸி' என்ற எளிய செய்திப் பக்கம் இணையத்தில் கண்ணில் பட்டது. ஜப்பானில் வாழும் வெளிநாட்டவருக்காகவும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் 2012இல் தொடங்கியது அது. அன்றைய செய்தியைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதியிருப்பார்கள். கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த, பொருள் குறிக்கும் எழுத்து; ஒவ்வொரு கான்ஜிக்கும் மேலே அதன் உச்சரிப்பு ஹிரகானாவில் பொடி எழுத்தாக இருக்கும். அதற்கு ஃபுரிகானா என்று பெயர். ஊர்ப் பெயர் ஒரு நிறம், ஆள் பெயர் ஒரு நிறம், நிறுவனப் பெயர் ஒரு நிறம். கடினமான சொல்லைத் தொட்டால் எளிய ஜப்பானிய மொழியிலேயே விளக்கம் வரும். நிதானமான குரலில் படித்தும் காட்டுவார்கள்.

பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவர், அது குழந்தைகள் படிப்பது, தேர்வுக்கு உதவாது என்றார். நான் கேட்கவில்லை.

அந்த செப்டம்பரில் சிபா மாவட்டத்தைப் புயல் தாக்கிய செய்தி வந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். வானிலைச் செய்தி எந்த நாட்டுடையது என்றாலும் அவருக்குக் கேட்க வேண்டும். நான் உரக்கப் படித்து, தென்கி என்றால் வானிலை என்ற நினைப்பில், "தென்கி நின்றுவிட்டதாம் அப்பா, காற்று அடங்கிவிட்டது" என்றேன். அப்பா போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். மின் கோபுரம் ஒன்று மடங்கி மண்ணில் கிடந்தது. "இல்லை தாயி, இன்னொரு முறை படி" என்றார்.

மறுபடி படித்தேன். அடுத்த வாக்கியத்தில் வீடுகளின் கணக்கு இருந்தது. தொண்ணூற்று மூன்று 'மான்' வீடுகள். ஒரு மான் என்றால் பத்தாயிரம், ஆக 9 லட்சத்து 30 ஆயிரம் வீடுகள். வீடு வீடாக வானிலை எப்படி நிற்கும்? போனைக் கண்ணருகே கொண்டுபோனேன். அந்தச் சொல்லின் ஃபுரிகானாவில் முதல் எழுத்தின் வலத் தோளில் எறும்புக் கால் போல இரண்டு சிறு கோடுகள். அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் அது வல்லினத் 'தெ', சொல்லுக்குப் பொருள் வானிலை. இருந்தால் 'தேவர்' என்னும்போது வருகிற மெல்லிய ஒலி, பொருள் மின்சாரம். காற்று அடங்கவில்லை, மின்சாரம்தான் போயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த உறவினர்களை அப்பா போய்ப் பார்த்து வந்தவர். "அப்படிச் சொல்லு" என்றார்.

தவறு எங்கே என்று அன்று இரவு நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. இரண்டு சொல்லையும் தமிழ் எழுத்தில் 'தென்கி' என்றே குறித்து வைத்திருந்தேன். நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே வடிவம்தான். நாம் இடம் பார்த்து ஒலிப்போம், ஜப்பானியர் கோடு பார்த்து ஒலிக்கிறார்கள். அந்த நோட்டை அன்றோடு மூடினேன். புதிதாகப் படிக்கிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு வாரம் அதிகமானாலும் பரவாயில்லை, ஜப்பானியச் சொல்லை ஜப்பானிய எழுத்திலேயே எழுதுங்கள்.

எழுத்தைத் தாண்டிவிட்டால் வாக்கியம் நம் வீட்டு வாக்கியம். இதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. 'ஃபுனே நி நொத்தே இதா ஹிதோ.' ஃபுனே படகு, நி 'இல்', நொத்தே ஏறி, இதா இருந்த, ஹிதோ ஆள். படகில் ஏறி இருந்த ஆள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர்களும் போய் வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள், 'இத்தே கிமாசு'. செய்தியில் அடிக்கடி வரும் 'தோ இத்தே இமாசு' நம் 'என்று சொல்கிறார்கள்'. பயிற்சி நிலையத்தில் இதையெல்லாம் ஆங்கில இலக்கணத்தின் வழியே சொல்லித் தந்து தலையைச் சுற்றவைத்தார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது மீன் செய்திதான். 2019 ஜனவரியில் தோக்கியோவின் தோயோசு சந்தையில், ஆண்டின் முதல் ஏலத்தில், 278 கிலோ சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. பழைய செய்தியைத் தேடிப் படித்துக் காட்டினேன். நம்பாமல் மூன்று முறை கேட்டார். மத்திக்கு, எங்கள் பக்கத்தில் சாளை என்போம், ஜப்பானிய மொழியில் 'இவாஷி'. அதன் கான்ஜி, மீன் எழுத்துக்குப் பக்கத்தில் பலவீனம் என்ற எழுத்து. "சரிதான், கரைக்கு வருமுன் வயிறு உடைகிற மீன்" என்றார்.

2020இல் கொரோனாவால் எல்லைகளை மூடினார்கள். பிறகு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. நான் ஜப்பான் போகவில்லை. படிப்பை விடவும் இல்லை. இப்போது தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் நான்கு பெண் பிள்ளைகள் மாலையில் வருகிறார்கள்.

2024 ஜனவரி 1 அன்று நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம். தொலைக்காட்சித் திரையில் கொட்டை எழுத்தில் ஹிரகானாவில் இரண்டு சொற்கள்: 'சுனாமி! நிகேதே!' ஓடுங்கள். 'ஹினான்' என்ற கனமான சொல் இருக்கிறது, வெளியேறுதல் என்று பொருள். அதைப் போடவில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் ஆறு வாரம் மட்டுமே படித்திருந்தவள் அந்தக் காணொளியைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள்.

1995இல் கோபே நகரைக் குலைத்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அறிவிப்பு புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தார்கள். அதன் பிறகுதான் ஹிரோசாகி பல்கலைக்கழக அறிஞர்கள் 'யாசாஷீ நிஹோங்கோ', எளிய ஜப்பானிய மொழி, என்ற முறையை வகுத்தார்கள். எளிய செய்தியும் அதன் வழியில் வந்ததுதான். எங்கள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். செய்தித்தாள் படிக்கத் தெரியாத என் தாத்தாவும் கூண்டின் எண்ணைக் கேட்டே நாட்டுப்படகை மேட்டில் ஏற்றுவார். அந்தக் கூண்டைக் குழந்தைகளுக்கானது என்று யாரும் சொன்னதில்லை.

நான் படிக்கும் முறை இதுதான். ஒரு செய்தியை மூன்று நாள் வைத்துக்கொள்வேன். முதல் நாள் ஃபுரிகானாவோடு, மறுநாள் அதை மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் குரலை மட்டும் கேட்டு. அதன் பிறகே கீழே உள்ள இணைப்பில் மூலச் செய்தியைத் திறப்பேன். அன்றாடக் கான்ஜிகள் 2,136. நான் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.

கீழக்கரையிலிருந்து:

பாம்பன் அக்கா எழுதிய 'தென்கி'யில் ஒரு பாதியை நானும் சந்தித்தேன். நோன்பு மாதம், உம்மா இஃப்தாருக்குக் கடற்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் படித்த செய்தியில் 'கன்தென்' என்று ஒரு தின்பண்டம். படத்தைப் பார்த்தால் எங்கள் தட்டில் துண்டு போட்டு வைத்திருந்த அதே கடற்பாசி. இரண்டு கான்ஜிகளையும் தனித்தனியே தேடினேன். முதலாவது குளிர், இரண்டாவது வானம். வானிலை என்ற தென்கியில் முன்னால் நிற்பதும் இதே வானம்தான். நாகானோ பக்கம் குளிர்காலத்தில் அதை வெளியே வைத்து இரவில் உறையவிட்டு, பகலில் உலர்த்துகிறார்களாம். உம்மாவிடம் சொன்னேன். "இங்கே மண்டபத்துப் பெண்கள் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள், அங்கே வானம் பார்த்துக் காய்ச்சுகிறார்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த எழுத்தை எழுதிக் காட்டச் சொன்னார்கள். மாவு தூவிய பலகையில் விரலால் எழுதினேன். வானத்துக்கு நான்கே கோடுகள். உம்மாவும் எழுதினார்கள்.

தொண்டியிலிருந்து:

நான் இரண்டு ஆண்டு ஜப்பானில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்துத் திரும்பியவன். தேர்வுப் புத்தகத்தை விட எளிய செய்தியே அங்கே எனக்குக் கைகொடுத்தது. நகராட்சி அறிவிப்புகள் பலவற்றையும் அதே மொழியில் எழுதுகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எளிய செய்தி எப்போதும் 'மாசு', 'தெசு' என்று மரியாதையாக முடியும். ஆலையில் மேற்பார்வையாளர் அப்படிப் பேச மாட்டார், சொல்லைப் பாதியில் வெட்டிவிடுவார். முதல் மாதம் அவர் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்துப் பயந்தேன். பாம்பன் சகோதரி தன் பிள்ளைகளுக்குச் செய்தியோடு பேச்சு வழக்கையும் கொஞ்சம் காதில் போட்டு அனுப்ப வேண்டும். விருப்பமிருந்தால் ஞாயிறு மாலை நானே வந்து பேசிக் காட்டுகிறேன், தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம்.

பாம்பனிலிருந்து:

வாருங்கள் அண்ணன். ஞாயிறு நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அப்பாவும் வீட்டில்தான் இருப்பார், அந்த ஆலையில் என்னென்ன மீன் வந்தது என்று உங்களிடம் கேட்க வேண்டுமாம்.