பழைய ரேடியோ பார்க்கிற மெக்கானிக் நம்ம மாவட்டத்தில் இருக்கிறாரா?

வணக்கம் அண்ணாச்சிமாரே. தக்கலையில் எங்கள் வீட்டில் மாமாவின் பழைய மூன்று பேண்ட் ரேடியோ ஒன்று இருக்கிறது. மீடியம் வேவில் திருநெல்வேலி வானொலி தெளிவாகக் கேட்கிறது. சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்) மாற்றினால் ஒரே இரைச்சல். பேண்ட் சுவிட்சை லேசாக அசைத்தால் ஒரு நொடி குரல் வந்து மறைகிறது, உள்ளே அழுக்கு பிடித்திருக்கும் போல. டயல் முள்ளை நகர்த்தும் நூலும் தளர்ந்துவிட்டது. காட்டிய கடையில் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள்!

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதையெல்லாம் பொறுமையாகப் பார்க்கிற மெக்கானிக் யாராவது உண்டா?

அப்புறம் இன்னொன்று. வீட்டில் எல்இடி பல்பையும் சார்ஜரையும் அணைத்துவிட்டு ரேடியோவை பேட்டரியில் போட்டால் இரைச்சல் பாதி குறைகிறது. இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி ஏரியல் கட்டினால் பலன் இருக்குமா? எவ்வளவு நீளம் வேண்டும்?

2017 ஏப்ரலில் பிபிசி தமிழோசை வானொலி நின்றதிலிருந்து மாமா இதைத் தொடவே இல்லை. ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து நிலையங்கள் அனுப்பிய கியூஎஸ்எல் அட்டைகளை மட்டும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். இன்னும் சிற்றலை கேட்பவர்கள் இருந்தால், சாயங்காலம் எந்த மீட்டரில் (அலைவரிசையில்) எந்த நிலையம் கிடைக்கிறது என்று கீழே எழுதுங்கள்.