பலெர்மோ செரியே சீ-யில் ஆடிய காலம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நேற்றுப் பின்னேரம் இங்கே இத்தாலியில், பலெர்மோவின் பல்லாரோ சந்தைப் பக்கம் ஒரு கடையடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சின்னப் பெடியன், பலெர்மோ என்றால் மான்செஸ்டர் சிற்றியை வைத்திருக்கும் குழுமத்தின் கிளப்தானே என்றான். எனக்குச் சரியான கவலையாகப் போய்விட்டது. அவர்கள் வந்தது 2022 ஜூலையில். அதற்கு ஒரு மாதம் முன்னால்வரை இந்தக் கிளப் மூன்றாம் படியான செரியே சீ-யில் ஆடியது. அந்தப் பருவத்தை மைதானத்தில், வீட்டில், வேலையிடத்தில் பார்த்தவர்கள் நம்மாட்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மறந்துபோக முதல் எழுதி வைப்போம். நான் தொடங்குகிறேன்.

செரியே சீ தெரியாதவர்களுக்கு: இத்தாலியில் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் கடைசிப் படி அது. அதற்குக் கீழே செரியே டி, கணக்குப்படி அமெச்சூர்கள். 60 அணிகளை இருபது இருபதாக மூன்று பிரிவாக்கி விடுவார்கள். எங்களுடையது தெற்கத்திய அணிகள் நிறைந்த பிரிவு: பாரி, கத்தன்சாரோ, அவெல்லினோ, ஃபோஜா, சுமார் ஆறாயிரம் பேர் மட்டும் வாழும் பிச்செர்னோ. ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருகிறவர் நேரே மேலே செரியே பி-க்குப் போவார். மிச்சமிருக்கும் ஒரே ஒரு இடத்துக்கு 28 அணிகள் ஆளை ஆள் வெளியேற்றி ஆட வேண்டும்.

2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் பலெர்மோ ஆட்டக்காரர்கள் நாலு பேர். கவானி, பஸ்தோரே, திபாலா எல்லாரும் இங்கே ஆடிப் போனவர்கள். அப்படிப்பட்ட கிளப்பை 2019 கோடையில், பணப் பொறுப்புகளைக் கட்டவில்லை என்று செரியே பி-யிலிருந்தே எடுத்துவிட்டார்கள். புதுக் கிளப் செரியே டி-யில் தொடங்கியது. அந்த அமெச்சூர் ஆட்டங்களுக்கே பருவ அட்டை வாங்கியவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அடுத்த வருடம் சீ-க்கு ஏறி, அங்கேயே இரண்டு பருவம்.

நான் அப்போது ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், 87 வயது. நொன்னோ, அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து மைதானத்துக்குப் போனவர், முழங்கால் விட்டபிறகு போக முடியவில்லை. அவருடைய பிள்ளைகள் எனக்கு ஒரு ரிக்கெற் எடுத்துத் தந்து, நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு என்றார்கள். அதுவரை எனக்குத் துடுப்பாட்டம்தான் தெரியும். வந்து கதவைத் திறந்தவுடன், இரண்டுக்கு ஒன்று நொன்னோ, வென்றுவிட்டோம் என்றேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிவு ரேடியோவில் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். முதல் நிமிடத்திலிருந்து சொல்லு, புல்லுக்குத் தண்ணி விட்டிருந்தார்களா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கோர்னர் அடிக்கும்போது யார் யார் பின்னுக்கு நின்றார்கள் என்று கேள்விமேல் கேள்வி. ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த முறையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அந்தக் கொப்பி இப்பவும் என்னிடம் இருக்கிறது. "23: 9ஆம் இலக்கம் இடப்பக்கம் ஓடினார், பந்து வரவில்லை" என்ற மாதிரி இருக்கும். 9ஆம் இலக்கம் என்றால் மத்தேயோ புருனோரி. பிரேசிலில் பிறந்தவர், யுவெந்துஸிடமிருந்து இரவலாக வந்தவர். வழமையான பருவத்தில் மட்டும் 25 கோல் அடித்தார்.

மிச்சத்தைக் கடைசியில் எழுதுகிறேன். மற்றவர்கள் வாருங்கள்.

* * *

அண்ணை, நானும் எழுதுகிறேன். நான் பிறந்ததே பலெர்மோவில், அம்மா அப்பா எண்பதுகளின் கடைசியில் வந்தவர்கள்.

என் கதை ரிக்கெற் கதை. இங்கே உதைபந்தாட்ட ரிக்கெற்றில் பெயர் அச்சிட்டிருக்கும், வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப்பார்ப்பார்கள். எங்கள் பெயர்கள் உங்களுக்குத் தெரியும்தானே. அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர், ஆங்கில எழுத்தில் பதினாறு வரும். விற்ற இடத்தில் என் பெயரை அவர் பெயராகவும் அவர் பெயரை என் பெயராகவும் மாற்றி அடித்து, கடைசி மூன்று எழுத்தையும் வெட்டியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் கிரீன் பாஸ் என்ற கொரோனாச் சான்றிதழ் வேறு காட்ட வேண்டும், அதில் பெயர் சரியாக இருந்தது. ஆக மூன்று தாளில் மூன்று ஆள். வாசலில் நின்றவர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். முகக்கவசத்துக்குள்ளே எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், நகராட்சியில் என்று பிறந்ததிலிருந்து இந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான், மைதானத்து வாசலிலும் அதுவேயா என்று இருந்தது. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, கிளப்பின் ரோசாவும் கறுப்புமான சால்வை போட்டவர், என் அட்டையை வாங்கித் தன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். பிழையில்லாமல் முழுப் பெயரும் வாசித்தார். பிறகு ரிக்கெற்றை வாசித்தார். இரண்டிலும் இருப்பது ஒரே பிள்ளைதான், விடு என்றார். விட்டார்கள். அன்றைக்கு முழு ஆட்டமும் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன்.

அப்புறம் ஜூன் 12. மேலே போகும் அந்த ஒரு இடத்துக்குப் பதோவாவுடன் இறுதி ஆட்டம், ஊருக்கு ஒன்றாக இரண்டு சுற்று; இரண்டாவது சுற்று இரவு இங்கே. அதே நாள் பகலில் பலெர்மோவுக்கு மேயர் தேர்தல், நாட்டுக்கே நீதித்துறை பற்றிய பொதுவாக்கெடுப்பு. காலையில் அப்பாவோடு வாக்குச்சாவடிக்குப் போனால் தலைமை அலுவலர் வரவில்லை, பெட்டி திறக்கவில்லை. எங்கள் இடத்தில் மட்டுமில்லை, நகரத்தில் எத்தனையோ சாவடியில் அப்படித்தான். எல்லாரும் ஆட்டத்துக்குப் போகத்தான் பொறுப்பைக் கைவிட்டார்கள் என்று ரீவியில் திட்டினார்கள். எனக்கும் கோபம்தான். அப்பா குடியுரிமைக்கு எத்தனை வருடம் காத்திருந்தவர், வாக்குப் போட என்று சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்து வந்தவர். பின்னேரம் திரும்பப் போய்ப் போட்டோம். பிறகு அதே சேர்ட்டோடு நேரே மைதானத்துக்குப் போனார்.

* * *

நான் மறுபக்கத்திலிருந்து எழுதலாமா? பதோவாவில் 14 வருடம், உணவகச் சமையலறை வேலை. நம்மாட்களுக்கு இந்த ஊர் பதுவை, அந்தோனியார் ஊர்.

பலெர்மோக்காரர் உங்கள் துன்பத்தைச் சொல்கிறீர்கள். எங்களுடையதையும் கேளுங்கள். 2021 ஜூனில் இதே இறுதியில் அலெஸ்ஸாந்திரியாவிடம் பெனால்ற்றியில் தோற்றோம். மறுவருடம் எங்கள் பிரிவில் சுட்திரோலுக்குப் பின்னால் இரண்டாவது. அந்தச் சுட்திரோல் 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் வெறும் ஒன்பது, அவர்களை யார் பிடிப்பது? 2006இல் உலகக் கோப்பை வென்ற ஒத்தோதான் கடைசியில் பயிற்றுநராக வந்தார். ஜூன் 5, முதல் சுற்று இங்கே எவுகானேயோ மைதானத்தில். சுற்றிவர ஓட்டப்பாதை இருக்கிறபடியால் பந்து எங்கேயோ தூரத்தில் உருளுவது போல இருக்கும். நான் இருக்கையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான், ஃப்ளோரியானோ அடித்துவிட்டார். 0–1. அதோடு எங்கள் பக்கம் யாரும் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது சுற்றை வேலை முடியாமல் கைத்தொலைபேசியில் பார்த்தேன். புருனோரியின் பெனால்ற்றி, மறுபடி 0–1. என்னோடு பாத்திரம் கழுவும் பெடியன் ஒருவன், உள்ளூர்ப் பிள்ளை, முன்கவசத்தைக் கழற்றாமலே பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டான். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஜூன் 13, அந்தோனியார் திருநாள். விடியப் பசிலிக்காவுக்குப் போனேன், எப்போதும் போல நம்மாட்கள் நிறைய. கல்லறையைத் தொடுகிற வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் வெள்ளைச் சிவப்பு அணிச்சட்டையோடு நின்றார், இரவு முழுக்க அதைக் கழற்றவில்லைப் போல. கையைக் கல்லில் வைத்தவர் எடுக்கவேயில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அல்லவா. பின்னால் நின்ற ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

* * *

கத்தானியாவிலிருந்து. சுருக்கமாகச் சொல்கிறேன், எங்களுக்கு நீட்டிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

உங்களுக்காவது ஒரு இறுதி ஆட்டம் கிடைத்தது. 2021 டிசம்பரில் எங்கள் மைதானத்தில் பலெர்மோவை வென்றோம். சிசிலியில் அந்த ஆட்டம் வென்றால் மறுநாள் வேலையிடத்தில் காப்பிக்குக் காசு வாங்கமாட்டார்கள். அதே மாதம் நீதிமன்றம் கிளப்பை வங்குரோத்து என்று அறிவித்தது. ஆட்டக்காரர்கள் அதற்குப் பிறகும் ஆடினார்கள். 2022 ஏப்ரலில், பருவம் முடியச் சில வாரமே இருக்க, வாங்க ஆளில்லை என்று கிளப்பையே நீக்கினார்கள். அதுவரை ஆடிய எல்லா ஆட்டமும் அட்டவணையிலிருந்து அழிந்தது. எங்களை வென்றவர்கள் எடுத்த புள்ளியும் போனது, நாங்கள் பலெர்மோவை வென்றதும் போனது. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் வென்றதைக் கண்ணால் பார்த்தோமே அப்பா, அது எப்படி நடக்கவில்லை என்று ஆகும் என்று கேட்டான். நானும் அதைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன்.

* * *

தொடங்கியவன் திரும்ப வருகிறேன். கத்தானியாத் தம்பி, உங்கள் மகனின் கேள்வியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். என் கொப்பியில் அந்த டிசம்பர்த் தோல்வி இருக்கிறது. மகனிடம் சொல்லுங்கள், பலெர்மோவில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று.

அந்த டிசம்பர்க் கடைசியில்தான் பயிற்றுநர் பிலிப்பியை அனுப்பிவிட்டு சில்வியோ பல்தினியைக் கொண்டுவந்தார்கள். 2003–04இல் இங்கே இருந்து பாதியில் நீக்கப்பட்டவர், இடையில் கத்தானியாவுக்கும் பயிற்றுநராக இருந்தவர். நொன்னோவுக்குச் சந்தோசமில்லை. ஆனால் வசந்த காலம் வர வர அணி வேறு மாதிரி ஓடத் தொடங்கியது, கொப்பியில் பக்கங்கள் நிறைந்தன. பிரிவில் மூன்றாவதாக முடித்தோம், முதலாவது பாரி. பிறகு வெளியேற்றி ஆடும் ஆட்டங்களில் திரியெஸ்தீனா, எந்தெல்லா, ஃபெரால்பிசலோ, எல்லாம் வடக்கத்திய அணிகள். ஒவ்வொன்றோடும் முதலில் அவர்கள் ஊரில் வென்றுவிட்டு வந்து இங்கே தாக்குப்பிடித்தோம்.

இறுதிக்கு முதல் ஞாயிறு நம்மாட்கள் சிலர் பெல்லெகிரீனோ மலை ஏறி சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். வழமையாகப் பிள்ளைகளின் படிப்புக்கும் விசாவுக்கும்தான் ஏறுவோம். மேலேயிருந்து பார்த்தால் பார்பெரா மைதானம் காலடியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரித் தெரியும்.

ஜூன் 12 இரவுக்கு எனக்கும் ரிக்கெற் இருந்தது. நான் போகவில்லை. நொன்னோவுக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்கியது, பிள்ளைகளும் ஊரில் இல்லை. கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு ரீவியைப் போட்டேன். வீடு மைதானத்துக்குக் கிட்ட. முப்பதாயிரத்துக்கு மேல் சனம் உள்ளே, யன்னல் கண்ணாடி அடிக்கடி அதிர்ந்தது. ரீவியில் வருகிறது சில விநாடி பிந்தித்தான் வரும். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்சத்தில் பெனால்ற்றி கொடுத்தார்கள். ரீவியில் புருனோரி பந்தை அப்போதுதான் புள்ளியில் வைக்கிறார், அதற்குள் யன்னலுக்கு வெளியே சத்தம் வந்துவிட்டது. நான் நொன்னோவைப் பார்த்தேன். அவர் ரீவியைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, எழுது என்றார். நான் கொப்பியை எடுத்து நிமிடத்தையும் இலக்கத்தையும் எழுதி முடித்த பிறகுதான் ரீவியில் பந்து வலைக்குள் போனது.

ஜூலைக் கடைசியில் பல்தினி விலகினார். நொன்னோ அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கையை அவர் விடவில்லை.