வீட்டில் ஷட்டில் பேட்டுக்குக் கட்டிங் (ஸ்ட்ரிங் கட்டுவது) போட எந்த மெஷின் வாங்கலாம்?

கேள்வி (ஈரோடு):
வணக்கம். வீட்டில் நானும் பையனும் பெண்ணும் ஷட்டில் ஆடுகிறோம். பையன் போடுவது பிஜி 66 அல்டிமாக்ஸ் ஸ்ட்ரிங், 25 பவுண்டு இழுப்பில். அடிக்கடி அறுந்துவிடுகிறது. கடையில் கொடுத்தால் பேட் கைக்கு வரவே சில நாள் ஆகிறது, டென்ஷனும் (ஸ்ட்ரிங்கின் இழுப்பு) ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அதனால் மெஷின் வாங்கலாம் என்று இருக்கிறேன். எலெக்ட்ரானிக் என் கைக்கு எட்டாது. டிராப் வெயிட்டா, கையால் சுற்றி இழுக்கும் கிராங்க்கா? விலை குறைந்த டிராப் வெயிட்டில் டென்ஷன் சரியாக வருமா?

பதில் (மதுரை):
வரும் சார், தைரியமாக வாங்குங்கள். டிராப் வெயிட்டில் இழுப்பது கம்பியில் தொங்கும் எடை. ஸ்ட்ரிங் நீண்டு கொடுத்தாலும் அது விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கிராங்க் அப்படி இல்லை, வைத்த பவுண்டு வந்ததும் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்ட்ரிங் தளர்ந்தால் டென்ஷனும் இறங்கிவிடும். அதனால்தான் கிராங்க்கில் போட்ட 25 கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

கம்பி மட்டமாக நிற்கவில்லையே என்று பதற வேண்டாம். 5 டிகிரி சாய்ந்திருந்தால் அரை சதவீதம்கூடக் குறையாது. 10 டிகிரி என்றால் ஒன்றரை சதவீதம், 25 பவுண்டில் அரை பவுண்டுக்கும் கீழேதான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஃபிரேமைப் பற்றி. நெடுக்கு ஸ்ட்ரிங்கை மட்டும் இழுத்து முடித்த நேரத்தில் பேட்டின் தலை மேலும் கீழும் அமுங்கி, பக்கவாட்டில் விரியப் பார்க்கும். மேலும் கீழும் மட்டும் பிடிக்கிற இரண்டு பாயின்ட் மெஷினில் அந்தப் பாரம் முழுக்க இரண்டே இடத்தில் விழும். ஷட்டில் ஃபிரேம் மெல்லியது, விரிசல் விட்டால் பேட் போச்சு. 25 பவுண்டுக்கு, ஃபிரேமை ஆறு இடத்தில் பிடிக்கிற ஆறு பாயின்ட் கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஆறு பாயின்ட் டிராப் வெயிட் ஒன்று பார்த்தேன், ஆனால் இழுத்த ஸ்ட்ரிங் தளராமல் பிடிக்கிற கிளாம்ப், மெஷினோடு சேராத ஃப்ளையிங் கிளாம்ப்தான் வருகிறது. பரவாயில்லையா?

பதில் (மதுரை):
வீட்டுக்குப் போதும். பக்கத்து ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் லேசாகப் பின்னால் நகரும், கொஞ்சம் டென்ஷன் போகும். ஒரே மாதிரி போட்டுப் பழகினால் அதற்கேற்ப அளவை ஏற்றிக்கொள்ளலாம். காசு இருந்தால் மெஷினோடு சேர்ந்த ஃபிக்ஸட் கிளாம்ப் நல்லது. எதுவானாலும் ஷட்டிலுக்கான கிளாம்ப்தானா என்று கேட்டு வாங்குங்கள். டென்னிஸ் ஸ்ட்ரிங் 1.2, 1.3 மில்லிமீட்டர் தடிமன், நம்முடையது 0.7-க்குள். டென்னிஸ் கிளாம்ப்பின் பல் நம் நெருக்கமான கட்டத்துக்குள் நுழையாது, நுழைந்தாலும் வழுக்கும்.

பதில் (திருச்சி):
ஒன்று சேர்க்கிறேன். வழுக்கினால் உடனே திருகை முறுக்காதீர்கள், ஸ்ட்ரிங் நசுங்கி அந்த இடத்திலேயே அறும். முதலில் பல்லை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். புது மெஷினில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அப்புறம், மெஷினில் குறித்திருக்கும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் ஸ்ட்ரிங்கைக் கட்டி இழுத்துப் பாருங்கள், 25 பவுண்டுக்கு 11.3 கிலோ காட்ட வேண்டும்.

பையனுக்கு அடிக்கடி அறுவதற்கு ஸ்ட்ரிங்கும் காரணம். பிஜி 66 அல்டிமாக்ஸ் 0.65 மில்லிமீட்டர்தான். பயிற்சிக்கு 0.70 உள்ள பிஜி 65 போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் ரீல் வாங்கினால் பேட்டுக்கு 10 மீட்டர் வீதம் இருபது பேட் போடலாம்.

கேட்டவர்:
ஸ்ட்ரிங்கை மாற்றுவதைத்தான் முதலில் செய்யப் போகிறேன். அறுந்த பேட்டை மெஷின் வரும்வரை அப்படியே வைத்திருக்கலாமா?

பதில் (திருச்சி):
வேண்டாம், இன்றைக்கே மிச்ச ஸ்ட்ரிங்கையும் வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் இழுப்பு, ஒரு பக்கம் தளர்வு என்று இருந்தால் ஃபிரேம் கோணிவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நெடுக்கும் குறுக்கும் மாற்றி மாற்றி வெட்டுங்கள்.