மௌனா லோவா கணக்கை நம்பலாமா?

கார்மேகம்77:
காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1958-இல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இப்போது 420-க்கு மேல் என்று ஹவாயின் மௌனா லோவா அளவைக் காட்டுகிறார்கள். மௌனா லோவாவே எரிமலைதானே? அதன்மேல் கருவியை வைத்துவிட்டு நிலக்கரியின் மேல் பழிபோடுவது எப்படி நியாயம்?

வேதியியல் டீச்சர்:
அளக்கத் தொடங்கிய கீலிங்குக்கும் அந்தக் கவலை இருந்தது. எரிமலை வாயு வந்தால் அளவு திடீரென்று எகிறி இறங்கும், அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். தென்துருவத்திலும் அளக்கிறார்கள். பக்கத்தில் எரிமலையே இல்லாத அங்கேயும் ஏற்றம் இதேபோலத்தான்.

கார்மேகம்77:
சரி, உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்தால்?

வேதியியல் டீச்சர்:
ஆண்டுக்கு நூறு கோடி டன்கூட வராது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து நாம் விடுவது 3,500 கோடி டன்னுக்கு மேல். அப்புறம் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இருக்கிறது. 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டு பழசு, அதில் மிச்சமே இருக்காது. அதன் புகை கலந்து காற்றில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போவதை வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ் 1955-லேயே மர வளையங்களை வைத்துக் காட்டினார்.

கார்மேகம்77:
இங்கேதான் இடிக்கிறது. எரிமலைக் கார்பனிலும் 14 கிடையாதே!

வேதியியல் டீச்சர்:
உண்மைதான், அது மட்டும் போதாது. கார்பன்-13-ஐயும் பாருங்கள், அது சாதாரண கார்பன்-12-ஐவிடச் சற்றுக் கனமான வகை. செடிகள் கார்பன்-12-ஐத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். செடி மக்கி உருவான நிலக்கரியில் அதனால் 13 குறைவு. எரிமலை வாயுவில் அந்த அளவுக்குக் குறைவில்லை. காற்றில் 13-இன் பங்கு இறங்கிக்கொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் துளித்துளியாகக் குறைகிறது. எரித்தால்தான் ஆக்சிஜன் செலவாகும், எரிமலை கக்கினால் ஆகாது. எனக்கு இதுதான் மிகவும் அழுத்தமான சாட்சி.

கார்மேகம்77:
ஆக்சிஜன் கணக்கு எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 0.04 சதவீத வாயு பூமியையே சுட வைக்குமா? சூரியனே சூடாகியிருக்கலாமே?

வேதியியல் டீச்சர்:
உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை அவை தடுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு பிடித்து, ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்பும். அது வெப்பக் கதிரைப் பிடிப்பதை இயற்பியலாளர் டிண்டால் 1859-லேயே சோதித்துப் பார்த்தார். சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். நடப்பது வேறு. நாம் இருக்கும் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்ந்துகொண்டிருக்கிறது.